கோத்தகிரியில் மூன்று கணினிகள், ஒரே பிழைச் செய்தி

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் பெருமழை. ஆனி, ஆடி மழை கூடலூர், பந்தலூரை நனைத்துவிட்டுப் போய்விடும். எங்கள் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழையே மழை. அப்படி ஒரு மழைக்கால சனிக்கிழமையில் சென்னையில் இருக்கும் எங்கள் ஹடூப் கிளஸ்டரில், அதாவது தரவைச் சேமிக்கும் கணினித் தொகுப்பில், கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்புப் பாதுகாப்பை இயக்கினார்கள். திங்கட்கிழமை காலை, எங்கள் அலுவலகத்தின் மூன்று கணினிகளில் ஒன்றிலிருந்தும் டிபீவர் என்ற தரவுத்தள நிரல் வழியாக, ஹடூப்பின் மேல் ஓடும் ஹைவ் தரவுத்தளத்தின் அட்டவணைகளுக்குள் போக முடியவில்லை. மூன்று திரையிலும் ஒரே வரி: ‘ஜிஎஸ்எஸ் இனிஷியேட் ஃபெயில்டு’.

மூன்றும் சரியாக வியாழன் மாலை ஆகிவிட்டது. காரணம் ஒன்றல்ல, மூன்று. கணினிக்கு ஒன்றாக இருந்தது. அதற்கு அடுத்த வாரம் மழையோடு நான்காவது ஒன்றும் வந்தது. நடந்ததை நடந்தபடி, நான் தவறாகப் போன இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன். இதே வரியைப் பார்த்தபடி எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு அரை நாள் மிச்சமானாலும் போதும்.

பின்னணி

எங்கள் வேலை சிறியது. சிறு குறு தேயிலை விவசாயிகள் கொடுக்கும் பச்சைத் தேயிலையின் எடை, சேகரிப்பு மையம் வாரியாகவும் நாள் வாரியாகவும் தொழிற்சாலைகளிலிருந்து வரும். குன்னூர் வாராந்திர ஏலத்தில் தேயிலைத்தூள் என்ன விலைக்குப் போனது என்பதும் வரும். இரண்டையும் சேர்த்து மாதக் கணக்கு எடுத்துத் தருகிறோம். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையோடு ஒரு தொழிற்சாலை கொடுத்த விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். கால் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் என்பது பெரிய விஷயம். அதனால் கணக்குக்கு அடியில் இருக்கும் எடைப் பதிவை யார் பார்த்தார்கள், யார் மாற்றினார்கள் என்பது எனக்கு ஒருபோதும் வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக இருந்ததில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை வரை கிளஸ்டர் அப்படி ஒரு கேள்வியையே கேட்கவில்லை. கெர்பரோஸ் இல்லாத ஹடூப், கிளையன்ட் சொல்லும் பெயரை அப்படியே நம்பும். நான் இன்னார் என்று சொன்னால், சரி, நீ இன்னார்தான் என்று உள்ளே விட்டுவிடும். நிர்வாகியின் பெயரைச் சொன்னாலும் அதே மரியாதை. ஹடூப் முதலில் ஒருவரை ஒருவர் நம்பும் சிறு குழுக்களுக்காக எழுதப்பட்டது. யாஹூவின் பொறியாளர்கள் 2009, 2010 வாக்கில்தான் கெர்பரோஸை அதோடு இணைத்தார்கள். எங்கள் கிளஸ்டரில் அது வெகு தாமதமாக வந்தது. வந்ததில் எனக்கு முழு மகிழ்ச்சி. திங்கட்கிழமை பட்ட பாட்டில்கூட அந்த எண்ணம் மாறவில்லை.

சென்னையிலிருந்து வந்த குறிப்பு ஒரு பக்கம்தான். பயனர் கணக்குகள் ஆக்டிவ் டைரக்டரியில் (மைக்ரோசாஃப்ட்டின் பயனர் பதிவேடு) இருக்கும், டிக்கெட், அதாவது கெர்பரோஸின் நுழைவுச் சீட்டு, தருவதும் அதுதான். விபிஎன்னில் நுழைந்து டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். கெர்பரோஸ் அமைப்புக் கோப்பு இருக்கும் பாதையை டிபீவருக்குக் காட்டுங்கள். இணைப்பு முகவரியின் கடைசியில் ஹைவ் சேவையின் பிரின்சிபலை (கெர்பரோஸில் அதற்குள்ள பெயர்) சேருங்கள். குறிப்பில் பிழை ஏதும் இல்லை. டிக்கெட்டை டிபீவர் எங்கே தேடும் என்பது மட்டும் அதில் இல்லை.

முதல் நாள் வீணானது எப்படி

மூன்று கணினியிலும் ஒரே செய்தி வந்ததால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். முழு நாளையும் தின்றது அந்த ஒரு முடிவுதான். சர்வர் பக்கம்தான் தவறு என்று சென்னைக்குப் பேசினேன். அவர்கள் பக்கம் எல்லாம் ஓடியது; அங்கிருந்தே க்யூரி ஓட்டிக் காட்டினார்கள். பாஸ்வேர்டில் சந்தேகம் வந்து மூவரும் மாற்றினோம். டிபீவரின் இணைப்புத் திரையில் யூசர்நேம், பாஸ்வேர்ட் கட்டங்களில் புதியதைப் போட்டுப் பத்து முறையாவது முயன்றிருப்போம். முகவரியில் பிரின்சிபல் இருந்தால் ஹைவ் டிரைவர் அந்தக் கட்டங்களைக் கண்டுகொள்வதே இல்லை. அங்கே எதை எழுதினாலும் ஒன்றுதான், காலியாக விட்டாலும் ஒன்றுதான்.

மாலையில் சென்னை நிர்வாகி ஒரு வழி சொன்னார். “சார், மாசக் கணக்கு முடிக்கணும்ல? ஒரு பொதுக் கணக்குக்கு கீடேப் எடுத்துத் தர்றேன். மூணு மெஷின்லயும் போட்டுடுங்க, உடனே ஓடும்.”

உதவும் மனதோடுதான் சொன்னார். ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். கீடேப் என்பது பாஸ்வேர்டையே சாவியாக்கிக் கோப்பில் வைப்பது. டிக்கெட் பத்து மணி நேரத்தில் செத்துவிடும். கீடேப்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது, பாஸ்வேர்டை மாற்றும் வரை உயிரோடு இருக்கும். ஒரு பென்டிரைவில் ஏறிப் போனால் போனதுதான். எல்லாவற்றையும்விட, மூன்று பேரும் ஒரே பெயரில் உள்ளே போனால் யார் எந்தப் பதிவைத் தொட்டார்கள் என்று சர்வரின் லாக் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவு) சொல்லாது. எதற்காகக் கெர்பரோஸ் போட்டோமோ அதையே கெடுத்துவிட்டு உள்ளே போவதில் எனக்குச் சம்மதம் இல்லை. மனிதர் யாரும் உட்காராமல் இரவில் தானாக ஓடும் வேலைகளுக்குக் கீடேப் தேவைதான். அதற்குத் தனிக் கணக்கு இருக்க வேண்டும். மேசையில் உட்கார்ந்து க்யூரி எழுதுபவருக்கு அது ஏற்றதல்ல.

“இரண்டு நாள் கொடுங்க சார், பாத்துக்கறேன்” என்றேன். மூன்று நாள் ஆனது.

குஞ்சப்பனையும் கெர்பரோஸும்

அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து இந்த ஏற்பாடு எப்படி நடக்கிறது என்பதை முதலிலிருந்து யோசித்தேன். அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மறுநாள் நான் அதைச் சொல்லிப் புரியவைத்த விதம் இதுதான்.

2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, இ-பாஸ் வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வரும் பாதையில் குஞ்சப்பனைச் சோதனைச் சாவடியில் நிறுத்திக் கேட்பார்கள். ஊர், பேர், தங்குமிடம் எல்லாவற்றையும் பாஸ் எடுக்கும் இடத்தில் முன்பே சொல்லியாகிவிட்டது. சாவடியில் பாஸை மட்டும்தான் பார்ப்பார்கள். பாஸ் கைப்பேசியில் இருந்து, கைப்பேசி பின்னால் வரும் வண்டியில் இருந்தால்? பாஸ் எடுத்தது உண்மை, ஆனால் காட்ட முடியாது. பாஸில் உள்ள தேதி வேறாக இருந்தால்? அதுவும் செல்லாது.

கெர்பரோஸும் ஏறக்குறைய அப்படியே. 1980களில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில், அதீனா திட்டத்தில் பிறந்தது. இப்போது நாம் பயன்படுத்தும் ஐந்தாம் பதிப்பின் வரையறை 1993இல் வந்து 2005இல் திருத்தி எழுதப்பட்டது. கேடிசி (டிக்கெட் தரும் சர்வர்; எங்களுக்கு அது ஆக்டிவ் டைரக்டரி) என்ற ஓரிடத்தில் மட்டும் நம்மை நிரூபிக்கிறோம். அப்போதும் பாஸ்வேர்ட் கம்பி வழியே போவதில்லை. பாஸ்வேர்டிலிருந்து செய்த சாவியால் அப்போதைய நேரத்தைப் பூட்டி அனுப்புகிறோம். கேடிசி ஒரு மூல டிக்கெட் தருகிறது. ஹைவுக்குப் போக வேண்டுமென்றால் அந்த மூல டிக்கெட்டைக் காட்டி, ஹைவின் பெயரைச் சொல்லி, ஹைவுக்கென்று தனி டிக்கெட் வாங்க வேண்டும். ஹைவ் அதைத் தன் சாவியால் திறந்து பார்த்து உள்ளே விடுகிறது.

இந்தப் பாதையில் நேரம் ஒத்துப்போக வேண்டும், பெயர் ஒத்துப்போக வேண்டும், கேட்கும் நிரலின் கைக்கு டிக்கெட் எட்ட வேண்டும், கேடிசிக்குப் போகும் வழியும் திறந்திருக்க வேண்டும். எது உடைந்தாலும் டிபீவர் மேலே காட்டுவது அதே ஒற்றை வரி. கதவு திறக்கவில்லை என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தம் கிடையாது.

செவ்வாய் காலை முதல் வேலையாக, அந்த வரிக்குக் கீழே இருப்பதைப் படித்தோம். பிழைப் பெட்டியில் விவரம் என்ற பொத்தானை அழுத்தினால் நீளமாக ஒரு பட்டியல் இறங்கும். ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக இருப்பதுதான் விஷயம். மூன்று கணினியின் கடைசி வரிகளையும் ஒரே தாளில் எழுதிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் மனம் தெளிந்தது. ஒன்றில் ‘சர்வர் நாட் ஃபவுண்ட் இன் கெர்பரோஸ் டேட்டாபேஸ்’, எண் 7. இன்னொன்றில் ‘கிளாக் ஸ்கியூ டூ கிரேட்’, எண் 37. மூன்றாவதில் எண்ணே இல்லை. ‘ஃபெயில்டு டு ஃபைண்ட் எனி கெர்பரோஸ் டிஜிடி’ என்று மட்டும் இருந்தது. டிஜிடி என்பது அந்த மூல டிக்கெட்.

இந்த எண்கள் கெர்பரோஸ் வரையறையிலேயே உள்ளவை, எந்த நிரலிலும் மாறாது. 6 என்றால் நம் பெயரையே கேடிசிக்குத் தெரியவில்லை. 7 என்றால் நாம் கேட்ட சேவையின் பெயரைத் தெரியவில்லை. 24 பெரும்பாலும் தவறான பாஸ்வேர்ட். 37 நேரம். எண் வந்தாலே கேடிசி வரை போய்ப் பதில் வாங்கியிருக்கிறோம் என்று பொருள். எண் இல்லாவிட்டால் பெரும்பாலும் நம் கணினியை விட்டே கிளம்பவில்லை. இதைத் திங்கட்கிழமை காலையே பார்த்திருந்தால் பாஸ்வேர்டை நாங்கள் தொட்டே இருக்க மாட்டோம்.

எண் 7: குறுக்கப்பட்ட பெயர்

இது அரை மணியில் முடிந்தது. விபிஎன்னில் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை) மெதுவாக இருக்கிறது என்று எப்போதோ அந்தக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் சர்வருக்கு ஒரு சின்னப் பெயர் வைத்திருந்தோம். இணைப்பு முகவரியிலும் அந்தச் சின்னப் பெயரே இருந்தது. பிரின்சிபலில் சர்வரின் பெயர் வரவேண்டிய இடத்தில் அடிக்கோடு போட்டு ‘ஹோஸ்ட்’ என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். டிரைவர் அந்த இடத்தில் முகவரியில் உள்ள பெயரை எடுத்துப் போட்டுக்கொள்ளும். எனவே எங்கள் சின்னப் பெயருக்கு டிக்கெட் கேட்டது. கேடிசியின் பதிவேட்டில் இருப்பது டொமைனோடு சேர்ந்த முழுப்பெயர் மட்டும். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அது சரியாகவே பதில் சொல்லியிருக்கிறது. ஐபி எண்ணை நேரடியாகப் போட்டாலும் இதே கதைதான். முகவரியிலும் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் முழுப்பெயரைப் போட்டோம், இணைந்தது.

சர்வருக்கு முன்னால் லோடு பேலன்சர் (வேலையைப் பல சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நாம் கேட்கும் பெயர் பேலன்சருடையதாக இருக்கும். ஆகவே அந்தப் பெயருக்கும் கேடிசியில் பதிவும் சர்வர்களிடம் சாவியும் இருக்க வேண்டும். அதைக் கிளையன்ட் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது. நிர்வாகியிடம்தான் போக வேண்டும்.

எண் 37: சரியாகக் காட்டிய கடிகாரம்

ஜன்னலோர மேசையில் இருப்பது பழைய டெஸ்க்டாப், உபுண்டு ஓடுவது. கெர்பரோஸ் ஐந்து நிமிடத்துக்கு மேல் நேர வித்தியாசத்தை ஏற்காது; அதுதான் வழக்கமான எல்லை. அதனால் 37 என்றதும் திரையின் மூலையில் உள்ள கடிகாரத்தைப் பார்த்தேன். காலை 10:04. என் கைப்பேசியிலும் 10:04. ஒரு நிமிடம்கூட வித்தியாசம் இல்லை. சரி, சென்னையில்தான் கடிகாரம் ஓடவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அவர்களுக்குப் பேசினேன். அங்கேயும் 10:04.

இன்னொன்றும் குழப்பியது. அந்தக் கணினியின் டெர்மினலில் கே-இனிட் கட்டளை கொடுத்தால் எந்தத் தகராறும் இல்லாமல் டிக்கெட் வந்தது. நேரம் தவறு என்றால் அங்கேயே நிற்க வேண்டாமா?

விடை டிக்கெட்டின் மேலேயே எழுதியிருந்தது. கையில் உள்ள டிக்கெட்டுகளைக் காட்டும் கே-லிஸ்ட் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது, நான் அப்போதுதான் எடுத்த டிக்கெட்டின் தொடக்க நேரம் 04:34 என்று இருந்தது. சுவரில் பத்தே கால் ஆகப் போகிறது, டிக்கெட் நாலரைக்குத் தொடங்குகிறது. ஐந்தரை மணி நேரம். இந்தியாவில் அந்த எண்ணைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம், அது நேர மண்டலம்தான்.

அந்தக் கணினியின் மதர்போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி செத்துப்போயிருந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் போவது இங்கே வாடிக்கை. போகும்போதெல்லாம் கணினியின் நேரம் ஏதோ ஒரு பழைய தேதிக்குப் போய்விடும். யார் அங்கே உட்காருகிறாரோ அவர் கைப்பேசியைப் பார்த்து நேரத்தைக் கையால் திருத்துவார். இணையத்திலிருந்து தானாக நேரம் எடுக்கும் வசதி அணைந்திருந்தது. யார் எப்போது அணைத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. நேர மண்டலமோ யூடிசியில் இருந்தது. ஆக, முள் காட்டியது பத்து மணி. கணினி புரிந்துகொண்டது கிரீன்விச்சில் பத்து மணி. கெர்பரோஸ் பேசுவது எப்போதும் யூடிசியில். அதன் கணக்கில் எங்கள் கணினி ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் உட்கார்ந்திருந்தது. உலாவி முறையிடவில்லை, விபிஎன் முறையிடவில்லை. வலைத்தளச் சான்றிதழ்கள் மாதக்கணக்கில் செல்லும், ஐந்தரை மணி நேரம் அவற்றுக்கு ஒரு பொருட்டில்லை.

அப்படியானால் கே-இனிட் எப்படி ஓடியது? லினக்ஸில் உள்ள எம்ஐடி கெர்பரோஸ், கேடிசி சொல்லும் நேரத்துக்கும் தன் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, தன் வேலைக்கு மட்டும் அதைச் சரிசெய்துகொள்ளும். உபுண்டுவில் அந்த வசதி இயக்கத்தில்தான் இருக்கும். நல்ல நோக்கத்தில் வைத்ததுதான். ஆனால் டிபீவர் ஓடுவது ஜாவாவில். ஜாவாவுக்குத் தனக்கென்று ஒரு கெர்பரோஸ் செயலாக்கம் உண்டு, அது அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளவில்லை. கணினியின் நேரத்தை அப்படியே எழுதி அனுப்பி 37 வாங்கிக்கொண்டு வந்தது. டெர்மினலில் டிக்கெட் வருகிறதா பார் என்று எல்லோரும் சொல்வார்கள். வந்தாலும் நேரம் சரி என்று அதை வைத்து முடிவு செய்ய முடியாது என்பதை அன்றுதான் கண்டேன். டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் தொடக்க நேரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு நொடி வேலை.

மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றி, தானாக நேரம் எடுப்பதை இயக்கி, கடைவீதியில் புது பேட்டரி வாங்கிப் போட்டோம். அப்புறம் புது டிக்கெட். உள்ளே போனது.

எண் இல்லாத பிழை: டிக்கெட் யார் பையில்?

மூன்றாவது விண்டோஸ் மடிக்கணினி. புதியது. மாதக் கணக்கைத் தயாரிக்கும் பெண்ணுடையது. செவ்வாய் மதியம் தொடங்கி வியாழன் மாலை வரை இதிலேயே கிடந்தோம்.

எம்ஐடி கெர்பரோஸின் விண்டோஸ் பதிப்பைப் போட்டிருந்தோம். அதில் டிக்கெட் மேலாளர் என்று ஒரு சிறு திரை உண்டு. அதில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் டிக்கெட் வந்து நிற்கும். “அண்ணா, டிக்கெட் இருக்கு, நீங்களே பாருங்க” என்று அந்தப் பெண் காட்டினாள். இருந்தது. டிபீவரைக் கேட்டால் டிக்கெட் எதுவும் இல்லை என்றது.

கமாண்ட் விண்டோவைத் திறந்து கே-லிஸ்ட் என்று தட்டினேன். சேமிப்பில் உள்ள டிக்கெட்டுகள்: 0. மேலாளர் திரை காட்டுவது பழசு, உண்மையில் டிக்கெட் வரவே இல்லை என்று முடிவு கட்டி, அந்த மென்பொருளை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். அது தேவையே இல்லாத வேலை. விண்டோஸுக்கே சொந்தமாக ஒரு கே-லிஸ்ட் இருக்கிறது. விண்டோஸ் லாகினோடு வரும் டிக்கெட்டுகளை மட்டும் அது காட்டும். எம்ஐடி மென்பொருளோடு அதே பெயரில் இன்னொன்று வரும். ஜாவா நிறுவியிருந்தால் அதே பெயரில் மூன்றாவதும் இருக்கும். மூன்றும் பார்ப்பது வெவ்வேறு பைகளை. விண்டோஸ் நிரல்களைத் தேடும் பாதை வரிசையில் முதலில் இருக்கும் நிரல்தான் ஓடும். எங்களுக்கு ஓடியது விண்டோஸுடையது. எம்ஐடி கே-லிஸ்டை அதன் முழுப் பாதையோடு கொடுத்து ஓட்டியபோது டிக்கெட் பத்திரமாக இருந்தது. எங்கே? ‘ஏபிஐ’ என்று தொடங்கும் ஒரு நினைவகச் சேமிப்பில்.

அதுதான் கோளாறின் ஒரு பாதி. விண்டோஸில் எம்ஐடி டிக்கெட்டை வழக்கமாக வைக்கும் இடம் அது. ஜாவாவுக்கு அதைப் படிக்கத் தெரியாது. பயனரின் சொந்தக் கோப்புறையில், பயனர் பெயரோடு ஒரு குறிப்பிட்ட பெயரில் இருக்கும் கோப்பைத்தான் ஜாவா தேடும்.

இதற்கு ‘கேஆர்பி5சிசிநேம்’ என்று ஒரு சூழல் மாறி (நிரல்கள் தொடங்கும்போது படிக்கும் ஓர் அமைப்பு) உண்டு. அதில் ஒரு கோப்பின் பாதையை எழுதிவிட்டால் எம்ஐடியும் அங்கே வைக்கும், ஜாவாவும் அங்கே பார்க்கும். எழுதினோம், விண்டோஸிலிருந்து வெளியேறித் திரும்ப நுழைந்தோம், புது டிக்கெட் எடுத்தோம். டிபீவர் எழுத்து மாறாமல் அதே செய்தியைக் காட்டியது.

இங்கே நான் செய்த தவறால் ஒரு நாள் போனது. மாற்றியும் பிழை மாறவில்லை, ஆகவே இது காரணமில்லை என்று எண்ணி, அந்த மாறியை அழித்துப் பழையபடி ஆக்கினேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, பலிக்காவிட்டால் திருப்பி வை என்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரே கதவில் இரண்டு பூட்டு இருந்தால், முதல் பூட்டைத் திறந்த பின்பும் கதவு அசையாது. அதனால் சாவி தப்பு என்று ஆகிவிடாது.

இரண்டாவது பூட்டு ஜாவாவுக்குள் இருந்தது. அடையாளச் சரிபார்ப்பைக் கவனிக்கும் ஜாவாவின் ஜிஎஸ்எஸ் பகுதியில் ‘யூஸ் சப்ஜெக்ட் க்ரெட்ஸ் ஒன்லி’ என்று ஓர் அமைப்பு. இயல்பாக அது ‘ட்ரூ’. அதாவது, என்னை அழைத்த நிரல் அடையாளத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் பயன்படுத்துவேன், நானாகப் போய் டிக்கெட் கோப்பைத் தேட மாட்டேன் என்று பொருள். டிபீவர் வழியாக ஹைவ் டிரைவர் போகும் இந்தப் பாதையில் யாரும் அதன் கையில் எதையும் கொடுக்கவில்லை. கோப்பு சரியான இடத்தில் இருந்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை.

இதைக் கண்டது ஜாவாவின் கெர்பரோஸ் டீபக் லாக்கை (ஒவ்வொரு படியையும் எழுதிக் காட்டும் பதிவு) இயக்கிய பிறகு. டிபீவரின் ஐஎன்ஐ கோப்பில், ‘விஎம்ஆர்க்ஸ்’ என்ற வரிக்குக் கீழேதான் ஜாவாவுக்கான அமைப்புகளை எழுத வேண்டும்; மேலே எழுதினால் ஜாவாவைச் சேராது. அங்கே டீபக்கை ‘ட்ரூ’ ஆக்கி, டிபீவரோடு வரும் சிஎல்ஐ நிரலைக் கமாண்ட் விண்டோவிலிருந்து தொடங்கினால் லாக் கண்முன் ஓடும். முதலில் அதில் டிக்கெட் கோப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மௌனம்தான் துப்பு. அந்த ‘ஒன்லி’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கியதும், பயனர் கோப்புறையில் இன்ன கோப்பைத் தேடுகிறேன் என்று ஒரு வரி வந்தது. பிழைச் செய்தியும் மாறியது: புதிய அடையாளத்தைப் பெறும் முயற்சி தோற்றது என்று. கோப்பு அங்கே இல்லை; நான்தான் சூழல் மாறியை அழித்துவிட்டேனே. திரும்ப எழுதினேன், வெளியேறி நுழைந்தோம், டிக்கெட் எடுத்தோம்.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு மேல் அட்டவணைகளின் பட்டியல் இடது பக்கம் விரிந்தது. “வந்துருச்சுண்ணா!” என்று அந்தப் பெண் போட்ட சத்தத்தில் கீழே கடையில் இருந்தவர் மேலே வந்து பார்த்தார்.

லினக்ஸ்காரர்களுக்கும் இந்தப் பை விவகாரம் உண்டு. உபுண்டு டிக்கெட்டைத் தற்காலிகக் கோப்புறையில் கோப்பாக வைக்கும், ஜாவா படித்துவிடும். ஃபெடோரா போன்றவை கெர்னலின் சாவி வளையத்திலோ கேசிஎம் என்ற சேவையிலோ வைக்கும். ஜாவா அங்கே போகாது. அதற்கும் அதே சூழல் மாறிதான் மருந்து.

மழை கொண்டுவந்த நான்காவது

அடுத்த வாரம் மழை வலுத்தது. பிராட்பேண்ட் கம்பி அறுந்து, இரண்டு நாள் கைப்பேசி இணைப்பில் ஓட்டினோம். விபிஎன் ஏறியது. இரண்டு கணினிகள் சாதாரணமாக இணைந்தன. அந்தப் பெண்ணின் மடிக்கணினி மட்டும் ஒன்றரை நிமிடம் சுற்றிவிட்டுத் தோற்றது. நான் அதே மடிக்கணினியில் என் பெயரில் டிக்கெட் எடுத்தால் இணைகிறது. அவள் பெயரில் எடுத்தால் இல்லை. ஆக, கணினியில் கோளாறில்லை, ஆள்தான் வேறு.

ஒன்றரை நிமிடம் என்பதே ஒரு குறிப்பு. ஜாவா கேடிசிக்கு அனுப்பிவிட்டு முப்பது நொடி காத்திருக்கும், அப்படி மூன்று முறை. பதில் வரவில்லை என்று அர்த்தம். மறுக்கப்பட்டது என்று அல்ல.

ஆக்டிவ் டைரக்டரி தரும் டிக்கெட்டுக்குள் அந்த நபர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற பட்டியலும் இருக்கும். குழு கூடக் கூட டிக்கெட் பெருக்கும். பல தொழிற்சாலைகளின் தரவைப் பார்க்கும் உரிமை அவளுக்கு இருந்ததால் குழுக்கள் அதிகம். ஜாவா 1,465 பைட் வரையுள்ள கோரிக்கைகளை யூடிபியில் (போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத அனுப்பு முறை) அனுப்பும், அதற்கு மேல் போனால்தான் டிசிபி (தொலைந்ததை மறுபடி அனுப்பும் முறை). அவளுடைய கோரிக்கை அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நின்றது. கைப்பேசி இணைப்பின் மேல் விபிஎன் ஏறும்போது ஒரு பாக்கெட்டில் கொள்ளும் அளவு சுருங்கிவிடும். பெரிய யூடிபி பாக்கெட் துண்டாகி, துண்டுகளில் ஒன்று வழியில் தொலைந்தால் முழுவதும் போனதுதான். என் டிக்கெட் சிறியது, தப்பித்தது.

கெர்பரோஸ் அமைப்புக் கோப்பில் ‘யூடிபி பிரிஃபரன்ஸ் லிமிட்’ என்பதை 1 என்று வைத்தோம். அதன்பின் எல்லாம் டிசிபியில் போனது. காத்திருப்பே இல்லை. மலையில் இருந்துகொண்டு விபிஎன் வழியாகக் கெர்பரோஸ் பேசுகிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடலாம் என்பது என் கருத்து.

இப்போது

மூன்று கணினிக்கும் ஒரே அமைப்புக் கோப்பு. விண்டோஸில் எம்ஐடி ஓரிடத்திலும் ஜாவா வேறிடத்திலும் அந்தக் கோப்பைத் தேடும் என்பதால், ஜாவாவுக்கு எம்ஐடியின் கோப்பையே பாதை காட்டி வைத்திருக்கிறோம். டிபீவரைப் புதுப்பித்தால் ஐஎன்ஐ கோப்பு பழையபடி ஆகிவிடக்கூடும். அதற்கு ஒரு நகல் தனியே இருக்கிறது. டீபக் வரியை அழித்துவிட்டோம். சென்னை அனுப்பும் குறிப்பில், டிக்கெட் எங்கே இருக்க வேண்டும் என்ற ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன், சேர்த்துவிட்டார்கள். கீடேப் வாங்கவில்லை. சர்வர் லாக்கில் இப்போது எங்கள் மூவரின் பெயரும் தனித்தனியாக நிற்கிறது.

காலை ஒன்பது மணிக்கு வந்ததும் அவரவர் டிக்கெட்டை எடுத்துக்கொள்கிறோம். இரவு ஏழு மணிக்கு அது முடியும். மாதக் கடைசியில் மட்டும் கணக்கு ஏழைத் தாண்டி இழுக்கும் என்பதால், அந்த நாட்களில் ஆறு மணித் தேநீருக்கு எழும்போதே அந்தப் பெண் இன்னொரு டிக்கெட் எடுத்து வைத்துவிடுகிறாள்.